பத்தே முக்கால் வோல்ட்

தக்காளி பெட்டி நாற்பது ரூபாய்க்கு இறங்கிய வாரம்
ராயக்கோட்டை மண்டியில் எனக்கு வேலையில்லை.
அதனால்தான் பாலக்கோட்டு வீட்டு வாசலில்
இண்டிகாவின் முகத்துக்கு நேரே
முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பதினெட்டு வருஷத்து வெயில்
இரண்டு விளக்கின் மேலும் உறைந்திருந்தது,
ஆறிப்போன டீயின் ஆடை மாதிரி.
கண்புரை என்றான் எதிர்வீட்டு மாதையன்.
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
இது கண்ணில்லை மாதையா, பிளாஸ்டிக்.
கண்ணென்றால் இவ்வளவு துணிச்சலாய்
உப்புத்தாளை எடுப்பேனா?

போன சித்திரையில் பற்பசை தேய்த்துப் பார்த்தேன்.
ஒன்பது நாள் பளபளத்தது.
பத்தாம் நாள் அதே பழைய முகம்,
லேசாகப் புதினா வாசம்.

இம்முறை நூருல்லா கடையில் நாலு தாள்:
எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம்.
பெயின்ட் கெடாமல் சுற்றிலும் டேப்.
மக்கில் தண்ணீர்.
எண்ணூறில் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கரைந்து
முழங்கை வழியே ஒழுகியது.
அடியிலிருந்து வந்ததோ மோர் தெளித்த வெள்ளை,
முன்னைவிட மோசம்.
என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
"நல்லாத்தானே இருந்துச்சு" என்றுவிட்டு
டிவிக்குத் திரும்பினார்.
பலபேர் கைவிடுவது இந்த இடத்தில்தான் போல.

வலது விளக்கில் பாதியில் போன்.
வேடியப்பன், தோட்டத்திலிருந்து.
"அக்கா, பெட்டி முப்பதுங்கறாங்க.
பறிக்கட்டுமா, விட்டுடட்டுமா?"
பறிகூலியே இருபத்தைந்து.
பதில் சொல்லாமல் இருந்த நேரத்தில்
கை தன் போக்கில் குறுக்கே தேய்த்தது.
"விட்டுடு" என்றேன் கடைசியில்.
அந்தக் கீறல் மூலையில் இருக்கிறது,
இரண்டாயிரம் போட்டும் போகவில்லை.
அதன் மேலேயே கிளியர் கோட் அடித்தேன்.

துலங்கிய பின்னும் வெளிச்சம்
சோம்பலாகத்தான் எழுந்து வந்தது.
மீட்டரை வைத்தேன்.
பேட்டரியில் பன்னிரண்டரை.
பல்பின் காலில் பத்தே முக்கால்.
நடுவில் ஒன்றே முக்கால் வோல்ட்டை
ஒல்லி வயரும், தேய்ந்த ஸ்விட்சும், துருவேறிய எர்த்தும்
தரகாக எடுத்துக்கொண்டிருந்தன.
எனக்குச் சிரிப்பு வந்தது.
நானும் அதே தொழில்தான்.

எல்இடி போடுங்க என்றான் கடைப் பையன்,
நிலா மாதிரி இருக்குமாம்.
பழைய கிண்ணத்துக்குள் அதை வைத்தால்
ஒளி கண்டபடி சிதறும்,
எதிரே வருகிறவன் பாடு திண்டாட்டம்.
வேண்டாம். இரண்டு ரிலே கொடு,
நாலு மீட்டர் கனத்த வயர், ஃப்யூஸ்.
ரிலேயிடம் எனக்கு மரியாதை உண்டு.
ஸ்விட்சின் சின்ன மின்சாரம் சேதி மட்டும் சொல்லும்.
பெரியது பேட்டரியிலிருந்து
யார் கையிலும் படாமல் நேரே போகும்.
டிக்.
இப்போது பல்பில் பன்னிரண்டு தாண்டியது.

இருட்டியதும் மாதையன் வீட்டுச் சுவரில்
சாக்பீஸால் கோடு கிழித்தேன்.
இருபத்தைந்து அடி தள்ளி வண்டி.
இடது விளக்கு அவன் மாடி ஜன்னலைப் பார்த்தது.
திருகைத் திருப்பத் திருப்ப
ஜன்னல், கொடியில் வேட்டி, கரன்ட் மீட்டர்
ஒவ்வொன்றாக இருட்டுக்குத் திரும்பின.
"நிறுத்து, நிறுத்து, கோட்டுக்கு வந்துடுச்சு!"
கத்தியவன் மாதையன்தான்.

பதினோராம் நாள் விலை கொஞ்சம் அசைந்தது.
விடிகாலை மூன்று மணிக்கு வண்டியெடுத்தேன்.
தெரிந்த ரோடுதான்.
முதுகெலும்புக்கு மட்டும் தெரிந்திருந்த வேகத்தடை
வெள்ளை அழிந்து தூரத்திலேயே கிடந்தது.
புளியமரங்களில் எண்கள்.
அப்புறம் ரோட்டோரமாய் நாலு பெண்கள்,
தலையில் கொத்தமல்லிக் கட்டு.

இந்நேரம் இங்கே ஆள் நடப்பதே
எனக்குத் தெரியாது.
ஆறு வருஷமாய் என் சத்தத்தை மட்டும் கேட்டு
அவர்கள்தான் பள்ளத்தில் இறங்கி
நின்றிருக்கிறார்கள்.

கடைசியில் வந்தவள்
முழங்கையால் கண்ணை மறைத்தாள்.
டிம் செய்தேன்.
போனட்டுக்குள் டிக் என்றிருக்கும்.
அவள் கை இறங்க
கொஞ்சம் நேரம் பிடித்தது.